ஒரே ஆள், மூன்று பெயர்: திருமணத்தின் பின் பெயர் மாறும் வழக்கம் பற்றி

எனது உம்மாவின் காணி உறுதியை நான் முதன்முதலாக வாசித்தது மீள்குடியேற்றத்துக்காக யாழ்ப்பாணம் வந்து சில வருடங்கள் கழிந்த பிறகுதான். மூல உறுதி 1990 இல் வீட்டோடு போய்விட்டது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தோம். சோனகத் தெருப் பக்கத்தில் மூத்தவாப்பா உம்மாவுக்குச் சீதனமாக எழுதிய சிறிய வளவு அது. உறுதியில் உம்மாவின் பெயருக்கு முன்னால் மூத்தவாப்பாவின் பெயர் இருந்தது. அடையாள அட்டையிலோ உம்மாவின் பெயரோடு வாப்பாவின் பெயர் இருந்தது. அந்த அட்டை புத்தளத்தில் இருந்தபோது எடுத்தது. யாரோ படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள், உம்மா ஒப்பம் வைத்தார். அவ்வளவுதான்.

அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "அம்மா, இந்த ரெண்டு பேரும் ஒராள்தான் எண்டு நான் எப்பிடி அறியிறது?"

உம்மா சிரித்துவிட்டார். "ஏன் தம்பி, நான்தானே முன்னால நிக்கிறன்!"

அவர் கேட்டதில் பிழையில்லை. உறுதியில் இருக்கும் பெண்ணையும் அட்டையில் இருக்கும் பெண்ணையும் இணைப்பதற்கு ஒரு பத்திரம் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் தேடினோம், காவின் பிரதி தேடினோம், சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்தோம், கிராம அலுவலரிடம் கடிதம் கேட்டோம். உம்மாவைக் குமராக அறிந்த அயலவர் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். அந்த அயலவர்கள் எல்லாம் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் அல்லவா இருந்தார்கள்! சிலர் மௌத்தாகியும் போயிருந்தார்கள். வேலை முடிய ஒன்றரை வருடம் சென்றது.

அன்றுதான் எனது பத்திரங்களையும் எடுத்து மேசையில் பரப்பிப் பார்த்தேன். பட்டச் சான்றிதழில் ஒரு பெயர். ஆசிரிய நியமனக் கடிதத்திலும் அதே பெயர்தான், ஆனால் எழுத்துக் கூட்டல் வேறு. திருமணத்தின் பின் பாடசாலைப் பதிவிலும் சம்பளப் பட்டியலிலும் கணவரின் பெயரோடு "திருமதி". தமிழ்த் துறையில் படித்த காலத்தில் மாணவர் சஞ்சிகையில் நான் எழுதிய இரண்டு கட்டுரைகள் மூன்றாவது ஒரு வடிவத்தில். உம்மாவைப் பார்த்துச் சிரித்த எனக்கு என் கதையும் அதேதான் என்று விளங்கியது. இந்தக் கட்டுரை அந்த மேசையிலிருந்துதான் தொடங்குகிறது.

நமக்குக் குடும்பப் பெயர் உண்டா?

ஐரோப்பியர் சொல்லும் பொருளில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். இதுதான் தமிழர் வழக்கும், தமிழ் பேசும் முஸ்லிம்களின் வழக்கும். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களின் பெயரைப் பாருங்கள். முதலில் நிற்கும் "ஏ" அவருடைய தந்தை அபூபக்கர். அந்தத் தந்தையோ எஸ்.எம். அபூபக்கர். தந்தைக்கும் மகனுக்கும் பொதுவான கடைசிப் பெயர் எதுவும் இல்லை. அடுத்த தலைமுறையில்தான் "அஸீஸ்" கடைசியில் நின்று குடும்பப் பெயர் போல ஆகிறது. ஆங்கிலப் படிவங்களில் கடைசிப் பெயருக்கு என்று தனிக்கட்டம் இருந்ததால் நம் வீடுகளில் பலவற்றில் இந்த மாற்றம் நடந்தது.

ஆகவே நம்மிடத்தில் மணமான பெண் "குடும்பப் பெயரை" மாற்றுகிறாள் என்று சொல்வது சரியாகப் பொருந்தாது. தந்தையின் பெயர் இருந்த இடத்தில் கணவரின் சொந்தப் பெயர் வந்து உட்காருகிறது. ஸுமையா என்று ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வாப்பா ஹனீபா, மாப்பிள்ளை ரியாஸ். பள்ளிக்கூடத்தில் அவள் ஹனீபா ஸுமையா. மணமான பின் ஸுமையா ரியாஸ். கொஞ்சக் காலம் போனால் "மிஸிஸ் ரியாஸ்". கடைசியில் ஸுமையா என்ற சொல்லே போய்விடும்.

இதைச் சட்டம் கேட்கிறதா? இல்லை. இலங்கையில் மணமான பெண் கணவரின் பெயரை எடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர் திருமணத்தால் தானாக மாறுவதும் இல்லை. விரும்பினால் விவாகச் சான்றிதழைக் காட்டி அடையாள அட்டையிலோ கடவுச்சீட்டிலோ கணவரின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். இது விருப்பத்துக்குரிய காரியம். நம்மில் பலர் கடமை என்று நினைத்துச் செய்கிறோம்.

பழந்தமிழில் பெண்ணின் பெயர்

சங்கப் பெண்பாற் புலவர்களின் பெயர்களை வகுப்பில் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் இதை மாணவிகளுக்குச் சொல்வேன். ஒக்கூர் மாசாத்தியார், மாறோக்கத்து நப்பசலையார் என்று ஊர்ப் பெயரால் அறியப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் தந்தையின் பெயரோடு அறியப்பட்டவர். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு கணவன் பெயரோடு அறியப்பட்டவர்.

இந்த மூன்றிலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். ஊரோடு வந்தவருக்கும் தந்தையோடு வந்தவருக்கும் சொந்தப் பெயர் மிஞ்சியிருக்கிறது. பெருங்கோப்பெண்டு என்பது பெயரே அல்ல, பேரரசனின் மனைவி என்ற நிலை. சான்றோர் தடுத்தபோதும் தன் முடிவைத் தானே எடுத்துரைத்துப் புறநானூற்றில் பாடல் விட்டுப் போன அந்தப் பெண்ணுக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று நமக்குத் தெரியாது.

நான்காவது வகை ஒன்றும் உண்டு. காக்கைபாடினியார் நச்செள்ளையார். காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார். பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தைப் பாடியவரும் இவரே. செய்த வேலையால் கிடைத்த பெயர் இது. இன்றைய பேச்சில் சொன்னால் தொழில் அடையாளம்.

நமது சமூகத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1938 இல் "காதலா? கடமையா?" நாவலை வெளியிட்ட நாகூர் சித்தி ஜுனைதா பேகம் ஊர்ப் பெயரோடும் சொந்தப் பெயரோடும்தான் இன்றும் அறியப்படுகிறார். நம் காலத்தில் சாய்ந்தமருதுவிலிருந்து எழுதும் கவிஞர் அனார் ஒரே ஒரு சொல்லோடு நிற்கிறார். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவரது கவிதைகளைத் தேடுபவருக்கு அந்த ஒரு சொல் போதும்.

"மிஸிஸ்" வந்த வழி

கணவரின் பெயரை முழுதாகப் போர்த்திக்கொள்ளும் வழக்கம் ஆங்கிலேயரோடு வந்தது. பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட ஆள்நிலை இல்லை. அவள் கணவனுக்குள் அடக்கம். அவளது அசையும் சொத்து கணவனுக்குப் போகும், அவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. 1870, 1882 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள்தான் இதை மாற்றின. சொத்து கணவனுடையதாகும்போது பெயரும் கணவனுடையதாவது அந்த ஏற்பாட்டுக்குப் பொருத்தமாக இருந்தது.

நமது ஷரீஅத்தில் நிலைமை வேறு. மஹர் பெண்ணுக்கே உரியது. வாரிசாக வரும் சொத்து அவளுடையது. திருமணத்தால் மனைவியின் உடைமை கணவனுக்கு மாறுவதில்லை. சொத்தைத் தனியாக வைத்துக்கொள்ளும் உரிமையுள்ள பெண்ணுக்கு, சொத்தை இழந்த பெண்ணின் பெயர் முறை எதற்கு? எனது உம்மாவின் உறுதியில் நடந்தது இதுதான். காணி அவருக்குச் சொந்தமாகவே இருந்தது, பெயர் மட்டும் வேறு வீட்டுக்குப் போய்விட்டது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இந்த விடயத்தில் இரண்டு பக்கமும் அளவுக்கு மீறிப் பேசுவதைக் கேட்கிறோம். கணவர் பெயரைச் சேர்த்தால் ஹராம் என்று ஒரு சாரார். சேர்க்காவிட்டால் கணவனை மதிக்காதவள் என்று இன்னொரு சாரார்.

அல்குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் ஐந்தாம் வசனம், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் சொந்தத் தந்தையர் பெயராலேயே அழைக்கும்படி சொல்கிறது. அதன் பிறகே ஸைத் (ரழி) அவர்கள் ஸைத் இப்னு முஹம்மத் என்ற அழைப்பை விட்டு மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸாவாக ஆனார்கள். வசனத்தின் நேரடிப் பேசுபொருள் வம்சம், திருமணம் அல்ல. ஆயினும் ஒருவரின் பிறப்பு வழியை மறைக்கக் கூடாது என்ற அடிப்படை அதில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் மனைவியரே அவர்களின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளவில்லை. ஆயிஷா (ரழி) அவர்கள் கடைசி வரை அபூபக்கரின் மகள் ஆயிஷாதான். அதைவிடப் பெருமையான கணவர் பெயர் யாருக்கு உண்டு?

மறுபக்கமும் உண்டு. நபியவர்களிடம் ஸைனப் என்ற பெண் வந்திருப்பதாகச் சொன்னபோது, எந்த ஸைனப் என்று கேட்டார்கள். இப்னு மஸ்ஊதின் மனைவி என்று பதில் சொல்லப்பட்டது. ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது. நூஹ் நபியின் மனைவி, பிர்அவ்னின் மனைவி என்று குர்ஆனும் அடையாளம் காட்டுகிறது. ஆகவே இன்னாரின் மனைவி என்று சொல்லி அடையாளப்படுத்துவதில் குற்றமில்லை. தந்தையின் மகள் என்பதை அழித்து, பெண்ணின் பெயரை இன்னொருவரின் பெயருக்குள் கரைப்பதுதான் நமது மரபில் இல்லாதது.

தொழில் அடையாளத்துக்கு நமது வரலாற்றில் அழகான ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாத்திமா, ஹனபி மத்ஹபின் பெரும் அறிஞர் அலாவுத்தீன் ஸமர்கந்தியின் மகள். தந்தையின் "துஹ்பத்துல் புகஹா" நூலுக்கு அவரது மாணவர் காஸானி எழுதிய விரிவுரையே பாத்திமாவுக்கு மஹராக ஆனது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மணத்துக்கு முன் அந்த வீட்டிலிருந்து வெளிவந்த பத்வாக்களில் தந்தையின் ஒப்பமும் மகளின் ஒப்பமும் இருந்தன. மணத்துக்குப் பின் மூன்று ஒப்பங்கள்: தந்தை, மகள், கணவர். கணவர் வந்ததால் மகளின் ஒப்பம் நீங்கவில்லை.

இதை வாசிக்கும்போது நமது காவின் பதிவு நினைவுக்கு வருகிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணப்பெண்ணின் ஒப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. வலி ஒப்பம் வைக்கிறார். தன் பெயர் எந்த எழுத்துக் கூட்டலில் பதியப்பட்டது என்பதையே பார்க்காமல் கலியாணம் முடித்த பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்!

பெயரும் தொழிலும்

ஆசிரியைக்கும் வைத்தியருக்கும் சட்டத்தரணிக்கும் எழுத்தாளருக்கும் பெயர்தான் முதலீடு. பல வருட உழைப்பு அந்தப் பெயரின் கணக்கில்தான் சேர்கிறது. நடுவில் பெயர் மாறினால் கணக்கு இரண்டாகப் பிரிகிறது.

மாறிய பெயரே பெரும் பெயராக ஆவதும் உண்டு. மலபாரின் தலைச்சேரியில், தாய்வழியாகக் குடும்பப் பெயர் வரும் மாளியேக்கல் வீட்டில் பிறந்த ஆயிஷா, கணவர் ரவூபின் பெயரோடு கொழும்பில் ஆயிஷா ரவூப் ஆனார். 1946 இல் முஸ்லிம் மகளிர் கல்லூரியின் முதல் அதிபரானார், கொழும்பின் பிரதி மேயராகவும் இருந்தார். தலைச்சேரியில் அவரைத் தேடுபவர் ஒரு பெயரால் தேட வேண்டும், கொழும்பில் இன்னொரு பெயரால். 2000 செப்டெம்பரில் எம்.எச்.எம். அஷ்ரப் காலமானபின் பாராளுமன்றம் சென்று அமைச்சரான பேரியல் அஷ்ரப்புக்குக் கணவரின் பெயரே அரசியல் பலமாக இருந்தது. கணவரின் பெயரை எடுத்த பெண் எல்லாம் தன்னை இழந்தாள் என்று சொல்ல முடியாது. சிறிமாவோ பண்டாரநாயக்கவோ பிறந்த வீட்டு ரத்வத்தையைக் கைவிடாமல் பெயரின் நடுவில் வைத்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் எல்லோரும் அறிந்த இரு சகோதரிகளின் பெயர்களையும் நினைத்துப் பார்க்கலாம். ராஜசிங்கம் குடும்பத்தில் பிறந்த ரஜனி, தயாபால திராணகமவை மணந்து ரஜனி திராணகம ஆனார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்து, 1989 செப்டெம்பர் 21 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். "முறிந்த பனை" நூலின் நான்கு ஆசிரியர்களில் ஒருவராக அவர் பெயர் அப்படியே நிற்கிறது. போர்க்கால யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ்ப் பெண் சிங்களப் பெயரோடு தலைநிமிர்ந்து வேலை செய்தார். அவருடைய சகோதரி 1982 இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானபோது நிர்மலா நித்தியானந்தன். பின்னர் எழுத்திலும் நாடகத்திலும் மனித உரிமைப் பணியிலும் அறியப்படுவது நிர்மலா ராஜசிங்கம் என்ற பெயரில். இருவரும் தம் பெயரைத் தாமே தெரிந்துகொண்டார்கள். ஆனால் 1982 ஆம் ஆண்டுச் செய்தியையும் பின்னாளைய எழுத்தையும் ஆய்வு செய்யும் மாணவருக்கு இருவரும் ஒருவரே என்று யாராவது சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும்.

துருக்கியில் நடந்தது நம் கவனத்துக்கு உரியது. முஸ்லிம் நாடு, ஆனால் 1926 இல் சுவிட்சர்லாந்தின் சிவில் சட்டத்தைத் தழுவியபோது மனைவி கணவரின் குடும்பப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்ற விதியும் கூட வந்தது. ஊனல் என்ற பெயரில் தொழிலில் அறியப்பட்ட பயிலுநர் சட்டத்தரணி ஒருவர் 1990 இல் மணம் முடித்து தெக்கெலி என்ற பெயரை ஏற்கவேண்டி வந்தது. அவர் வழக்காடினார். 2004 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2023 இல் துருக்கியின் அரசியலமைப்பு நீதிமன்றமும் அந்த விதியை இரத்துச் செய்தது. யப்பானில் கணவன் மனைவி இருவரும் ஒரே குடும்பப் பெயரை வைக்க வேண்டும் என்ற சட்டம் இருக்க, தொண்ணூறு வீதத்துக்கு மேற்பட்ட தம்பதியரில் மாற்றுவது பெண்தான். கனடாவின் கியூபெக் மாகாணமோ 1981 இலிருந்து மணமான பெண்ணும் பிறந்த பெயரிலேயே தன் உரிமைகளைப் பயன்படுத்த வேண்டும் என்று சட்டமாக்கியது.

நம் ஊர்ச் சங்கடங்கள் இவ்வளவு பெரியவை அல்ல. ஆனால் நாளாந்தம் வருபவை. பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது எனது பட்டச் சான்றிதழ் "வேறொருவருடையது" போல இருக்கிறது என்று கோவை திரும்பி வந்தது. சத்தியக் கடதாசி ஒன்று, இன்னும் ஒரு மாதம். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியைக்கு விவாகரத்து ஆனது. அவர் பழைய பெயருக்கு மாறினால் ஆசிரியர் வரவுப் பதிவேடே அந்தச் செய்தியை ஊருக்குச் சொல்லிவிடும். மாறாவிட்டால் தன்னை விட்டுப் போனவரின் பெயரை ஒவ்வொரு நாளும் காலையில் எழுதி ஒப்பமிட வேண்டும். "என்ட பேர் எனக்கு ஒரு தொல்லையாப் போச்சு ராத்தா" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

வேரறுந்தவர்களுக்குப் பத்திரமே ஊர்

வேறு ஊர்ப் பெண்களுக்கு இது சங்கடம். நமக்கு அதைவிடக் கூடியது. 1990 ஒக்டோபர் 30 இல் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறுங்கள் என்றபோது எனக்குப் பத்து வயது. ஊரில் வாழும் பெண்ணுக்குப் பத்திரம் பிழைத்தாலும் ஊர் சாட்சி சொல்லும். "இவ இன்னாரின்ட மகள், இந்த வளவு இவவின்ட" என்று தெருவே சொல்லும். நமது தெரு அன்றே கலைந்து போனது. பிறந்தது யாழ்ப்பாணப் பதிவில், படித்ததும் முடித்ததும் புத்தளத்தில், வேலை இன்னொரு மாவட்டத்தில், திரும்பி வந்து குடியேறியது இங்கே. அடையாள அட்டை இலக்கம் ஓரளவு இணைக்கும். ஆனால் அந்த இலக்கம் கிடைக்கும் முன் எழுதிய உறுதியிலும் பிறப்புப் பதிவிலும் அது கிடையாது. அங்கே பெயர் ஒன்றுதான் சாட்சி. அதையும் நாமே மாற்றிக்கொண்டால் யார் நம்மை அடையாளம் காட்டுவது?

இதனால் நான் வந்த முடிவு எளிது. வாயால் அழைப்பது எப்படியும் இருக்கட்டும். மருமகள் என்றும் மிஸிஸ் என்றும் அழைக்கட்டும், கணவரின் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தட்டும், அதில் அன்பும் உண்டு. பத்திரத்தில் மட்டும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர், அதே எழுத்துக் கூட்டலில், கடைசி வரை இருக்கட்டும்.

இதற்குச் சில காரியங்களை இன்றே செய்யலாம். பெண் பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக் கூட்டலைத் தீர்மானித்து, பாடசாலை அனுமதியிலும் அதையே கொடுங்கள். பாத்திமா, பாத்துமா, பஃதிமா என்று ஒரே பிள்ளைக்கு மூன்று சான்றிதழ்களில் மூன்று பெயர் இருப்பதை வகுப்பாசிரியையாக நான் வருடந்தோறும் பார்க்கிறேன். காவின் எழுதும்போது பெண்ணிடம் பதிவைக் காட்டுங்கள், அவளே தன் பெயரை வாசித்துப் பார்க்கட்டும். சட்டம் ஒப்பத்தைக் கேட்காவிட்டாலும் வாசிப்பதைத் தடுக்கவில்லை. ஏற்கெனவே பெயர் மாற்றியவர்கள், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக் கடதாசியை, சாட்சி சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருக்கும் இந்தக் காலத்திலேயே முடித்து, விவாகச் சான்றிதழோடு பிரதிகள் எடுத்து வையுங்கள். எழுதுகிறவர்கள் முதல் படைப்பு எந்தப் பெயரில் வந்ததோ அதே பெயரில் தொடர்ந்து எழுதுங்கள். பாடசாலைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போது "திருமதி" போட்டுக் கணவர் பெயரை எழுதுமுன் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

எனது மூத்த மகளுக்குச் சென்ற வருடம் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தோம். படிவத்தை அவளே நிரப்பினாள். பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். உம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வடிவாப் பாத்து எழுது புள்ள, பிறகு நீதான் நீ எண்டு காட்ட ஒன்றரை வருசம் அலைய வேணும்" என்றார்.